தாலின் பழைய நகரம்: எதற்குள் நுழைவது, எதை வெளியிலிருந்தே பார்ப்பது

எஸ்தோனியாவின் தலைநகர் தாலினுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைப் போடுகிறார்கள். பழைய நகரம் சின்னது, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இருபது நிமிட நடை, ஆகவே ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். நடையைப் பற்றிய கணக்கு சரிதான். நேரத்தைப் பற்றியதுதான் தவறு. அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 அல்லது 6 மணிக்கு மூடிவிடும். கடைசி நுழைவு அதற்கும் அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிடும். பெரிய இடம் ஒன்றுக்கு ஒன்றரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். சாப்பாட்டையும் சேர்த்தால் ஒரு நாளில் மூன்று இடங்கள்தான் தேறும். நான்காவதை ஓட்டமும் நடையுமாகப் பார்க்கலாம், மனத்தில் ஒன்றும் தங்காது.

தெருக்களுக்கோ மூடும் நேரம் கிடையாது. 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் இந்த நகரின் அழகில் பெரும்பகுதி வெளியில்தான் இருக்கிறது: மதில், கூம்புக் கோபுரங்கள், வணிகர் வீடுகளின் முகப்புகள், கல் பாவிய சந்துகள். இதற்கெல்லாம் சீட்டு வேண்டாம். எனவே ஓர் இடத்துக்குச் சீட்டு வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: தெருவில் நின்று பார்க்க முடியாதது எதையாவது இது காட்டுமா? பல இடங்களுக்கு அதற்கு ‘இல்லை’ என்பதே பதில். காட்டக்கூடிய இடங்களிலும் பல ஒரே விஷயத்தைத்தான் வெவ்வேறு கட்டடங்களில் காட்டுகின்றன. ஒவ்வொரு வகையிலும் ஒன்றைத் தேர்ந்து மற்றதைத் துணிந்து விடுவதுதான் இங்கே செய்ய வேண்டிய வேலை.

உயரத்திலிருந்து ஊரைப் பார்க்க

இதற்கு ஐந்து நல்ல வழிகள் உண்டு. அவற்றில் இரண்டு இலவசம்.

மேல்நகரமான தோம்பேயா குன்றின் விளிம்பில் கொஹ்துவோட்சா, பத்குலி என்று இரண்டு காட்சி மேடைகள் இருக்கின்றன. கொஹ்துவோட்சாவிலிருந்து கீழ்நகரத்தின் செங்கூரைகள், தேவாலயக் கூம்புகள், அவற்றுக்குப் பின்னால் துறைமுகம் என எல்லாம் கிழக்குப் பக்கம் விரிந்து கிடக்கும். கிழக்கு நோக்கி இருப்பதால் காலையில் போனால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும், படங்களில் கூரைகள் கறுத்துப்போகும். மாலையில் சூரியன் நமக்குப் பின்னால் இருக்கும். கூரைகளின் சிவப்பு அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். பத்குலி வடக்கு நோக்கியது. மதிலின் கோபுர வரிசை பக்கத்தில் தெரிவது இங்கிருந்துதான். தொடர்வண்டி நிலையத்தின் பக்கமிருந்து வருகிறவர்கள் 157 படி ஏறி நேராக இந்த மேடைக்கே வந்துவிடலாம். பனிக்காலத்தில் அந்தப் படிகளை நம்ப வேண்டாம், பிக் யால்க் என்னும் சரிவுத் தெரு வழியாக வருவதே நல்லது.

காசு கொடுத்து ஏறுவதில் மிக உயரமானது ஒலேவிஸ்தே தேவாலயம். கூம்பின் உச்சி ஏறக்குறைய 124 மீட்டர். பார்வையாளர் ஏறும் மேடை சுமார் 60 மீட்டரில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. 230க்கு மேற்பட்ட சுழற்படிகள், அதுவும் குறுகலான கல் படிகள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அதே படிகளில்தான் ஒதுங்கி வழிவிட்டுக்கொள்ள வேண்டும். முதுகுப் பையோடு போனால் எதிரே வருபவரை உரசாமல் நகர முடியாது, பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். மேலே கூம்பின் அடியைச் சுற்றி ஒடுங்கிய நடைபாதை மட்டுமே உண்டு. உயரம் கண்டு தலைசுற்றுகிறவர்களுக்கு ஆகாது. குளிர்காலத்தில் கோபுரம் மூடியிருக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் ஏறலாம். சோவியத் காலத்தில் அந்நாட்டு உளவுத்துறையான கேஜிபி இந்தக் கூம்பைத்தான் வானொலித் தொடர்புக்கும் கண்காணிப்புக்கும் பயன்படுத்தியது. மேலே ஏறி நின்றதும் அதற்கான காரணம் தானாக விளங்கும்: கடலும் துறைமுகமும் வேறெங்கிருந்தும் இவ்வளவு முழுமையாகத் தெரிவதில்லை.

நகர மண்டபக் கோபுரத்தில் 115 படிகள்தான். ஆனால் ஒவ்வொரு படியும் முழங்காலைச் சோதிக்கும் உயரம். கோடையில் மட்டும் திறப்பார்கள். 1404இல் கட்டி முடித்த அந்த மண்டபத்தின் உள்ளறைகளுக்கும் பொதுமக்களைக் கோடை மாதங்களில்தான் விடுகிறார்கள். மற்ற மாதங்களில் வருகிறவர்கள் இதைத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டாம். மண்டபத்தின் சிறப்பு அதன் முகப்பிலும், 1530 முதல் உச்சியில் காற்றுத் திசை காட்டி நிற்கும் ‘கிழட்டுத் தாமஸ்’ உருவத்திலும் இருக்கிறது. இரண்டும் சதுக்கத்தில் நின்றாலே தெரியும்.

ஐந்தாவது வழி, இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் நிகுலிஸ்தே தேவாலயம். 2022 முதல் இதன் கோபுரத்துக்குள் கண்ணாடி லிஃப்ட் ஓடுகிறது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போனால் வேறு கோபுரத்தை யோசிக்கவே வேண்டாம்.

ஆக, நிகுலிஸ்தே அருங்காட்சியகத்துக்குப் போவதானால் உயரத்துக்கான வேலை அங்கேயே முடிந்துவிடும். போகவில்லையென்றால் மாலையில் கொஹ்துவோட்சா போதும். ஒலேவிஸ்தே, ஏறுவதையே ரசிக்கிறவர்களுக்கு.

ஒரே ஒரு சீட்டுதான் வாங்குவேன் என்றால்

நிகுலிஸ்தேவுக்கு வாங்குங்கள். 13ஆம் நூற்றாண்டில் வணிகர்கள் எழுப்பிய தேவாலயம் இது. இப்போது எஸ்தோனியக் கலை அருங்காட்சியகத்தின் கிளை. இங்குள்ள ஓவியம் ஒன்றுக்காகவே தாலினுக்கு வருகிறவர்கள் உண்டு. லூபெக் நகரின் ஓவியர் பெர்ன்ட் நோட்கே 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டிய ‘மரண நடனம்’ அது. எஞ்சியிருப்பது ஏழரை மீட்டர் நீளத் துண்டு மட்டுமே. இடது ஓரத்தில் பிரசங்கி, அடுத்துப் பைக்குழல் ஊதும் எலும்புக்கூடு, பிறகு போப்பாண்டவர், பேரரசர், பேரரசி, கர்தினால், அரசர். இவர்கள் ஒவ்வொருவரையும் ஓர் எலும்புக்கூடு கைப்பிடித்து ஆட அழைக்கிறது. அடியில் அவர்களுக்கும் மரணத்துக்கும் இடையே நடக்கும் பேச்சு, அக்கால வடஜெர்மானிய வணிகர் மொழியில் செய்யுளாக ஓடுகிறது. லூபெக்கிலும் இதே பொருளில் நோட்கேயின் பெரிய ஓவியம் இருந்தது. அது பழுதடைந்து 1701இல் நகலால் மாற்றப்பட்டது. அந்த நகலும் 1942 குண்டுவீச்சில் எரிந்துபோனது. ஆகவே நோட்கேயின் கைபட்ட மரண நடனத்தைப் பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும்.

இடமிருந்து வலமாக, ஒவ்வோர் உருவத்தின் முகத்தையும் பார்த்தபடி மெதுவாக நடங்கள். பலர் நேரே லிஃப்டுக்கு ஓடிவிட்டு, இறங்கும்போது களைப்போடு ஓவியத்தைக் கடந்துபோகிறார்கள். வரிசையை மாற்றுங்கள்: முதலில் ஓவியம், அடுத்து பலிபீடம், கடைசியில் கோபுரம். பலிபீடம் ஹெர்மன் ரோடேயின் பட்டறை 1478 முதல் 1481 வரை செய்தது. இருமடிப்புக் கதவுகள் கொண்டது. கதவைத் திறக்கத் திறக்க வேறு வேறு படங்கள். புனித நிக்கோலாசின் வாழ்க்கைக் காட்சிகளில் அந்தக் காலக் கப்பலும் வணிகரும் வருகிறார்கள். ஊரின் வணிகச் சங்கங்கள் காசு கொடுத்துச் செய்வித்த பலிபீடம் வேறெப்படி இருக்கும்!

இவை பிழைத்ததே பெரிய கதை. 1524இல் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தக் கூட்டம் மற்றத் தேவாலயங்களின் உருவங்களை உடைத்தபோது, நிகுலிஸ்தேயின் பொறுப்பாளர் பூட்டுகளில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிக் கதவைத் திறக்க முடியாமல் செய்ததாகச் சொல்வார்கள். 1944 மார்ச் 9 இரவு சோவியத் விமானங்கள் நகரின் மேல் குண்டு வீசின. கட்டடம் எரிந்தது, முக்கியப் பொருள்களை அதற்கு முன்பே வேறிடத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சீரமைப்பு முடியும் தறுவாயில் 1982இல் கூம்பு மறுபடி எரிந்தது. 1984இல்தான் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். உள்ளே சுவர்கள் ஏன் இவ்வளவு வெறுமையாக இருக்கின்றன என்று தோன்றினால் காரணம் இதுதான்.

நேரமோ காசோ குறைவு என்றால் சதுக்கத்துக்குப் பின்புறமுள்ள தூய ஆவி தேவாலயம் மாற்றாக உதவும். அதே நோட்கேயின் 1483ஆம் ஆண்டுப் பலிபீடம் அங்கிருக்கிறது, சின்னக் கட்டணம், அரைமணி நேரம் போதும். வெளிச்சுவரிலுள்ள 1684ஆம் ஆண்டுக் கடிகாரத்துக்கு எந்தக் கட்டணமும் இல்லை. முதன்முதலில் எஸ்தோனிய மொழியில் பிரசங்கம் நடந்த இடங்களில் ஒன்று இது. 1535இல் அச்சான எஸ்தோனிய வினாவிடை நூலின் ஆசிரியர்களில் ஒருவரான யொஹான் கோயெல் இங்கே போதகராக இருந்தவர்.

குன்றின் மேலுள்ள இரண்டு தேவாலயங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1900இல் முடிந்த அலெக்சாண்டர் நெவ்ஸ்கி பேராலயத்துக்குக் கட்டணமில்லை, உள்ளே படம் எடுக்கக்கூடாது, பத்து நிமிடம் போதும். அதிலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் தோம் தேவாலயத்துக்குக் கட்டணம் உண்டு. சுவர் முழுக்க மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டிய 107 குலச்சின்னங்கள். ஜெர்மானிய நிலப்பிரபுக் குடும்பங்கள் இந்த நாட்டை எப்படித் தம் கையில் வைத்திருந்தன என்பதை அவை ஒரு பார்வையில் சொல்லிவிடும். முதல் ருஷ்ய உலகச் சுற்றுப்பயணத்தை நடத்திய குருசென்ஸ்தெர்னின் கல்லறையும் இங்கேதான். வெளியே பளபளப்பு நெவ்ஸ்கிக்கு, உள்ளே சரக்கு தோமுக்கு. ஞாயிறு காலை எந்தத் தேவாலயத்தையும் திட்டத்தில் வைக்காதீர்கள்; வழிபாட்டு நேரத்தில் சுற்றிப்பார்க்க விடமாட்டார்கள்.

மதிலா, மதிலுக்கு அடியிலா

மதிலில் சுமார் 1.9 கிலோமீட்டரும் இருபத்தைந்துக்கு மேற்பட்ட கோபுரங்களும் எஞ்சியிருக்கின்றன. மதில்மேல் ஏறி நடக்க இரண்டு இடங்கள்: மேற்கே நுன்னா, சவுனா, குல்த்யலா கோபுரங்களை இணைக்கும் துண்டு, கிழக்கே மூரிவஹே தெருவை ஒட்டிய ஹெல்லெமன் கோபுரத் துண்டு. இரண்டும் ஒன்றோடொன்று சேரவில்லை, சீட்டும் தனித்தனி. ஒன்றில் ஏறினால் போதும். அரைமணி நேர வேலை, செலவும் குறைவு, சிறுவர்களுக்குப் பிடிக்கும். மரப்படிகள் செங்குத்தானவை என்பதால் கைக்குழந்தையோடு வேண்டாம்.

கீக் இன் டே கோக் வேறு ரகம். 1475 வாக்கில் எழுந்த 38 மீட்டர் உயரப் பீரங்கிக் கோபுரம், அடியில் சுவரின் கனம் 4 மீட்டர். 1577இல் ருஷ்ய மன்னர் இவானின் படை முற்றுகையிட்டபோது சுட்ட குண்டுகளில் சில இன்னும் வெளிச்சுவரில் பதிந்திருக்கின்றன. அவற்றைத் தெருவிலிருந்தே பார்க்கலாம். சீட்டு வாங்குவதற்கான காரணம் கோபுரம் அல்ல, அதற்குக் கீழே ஓடும் கொத்தளச் சுரங்கங்கள். 17ஆம் நூற்றாண்டில் சுவீடன் ஆட்சியில், படைகளையும் வெடிமருந்தையும் எதிரி கண்ணில் படாமல் நகர்த்த வெட்டியவை. இரண்டாம் உலகப்போரில் விமானத் தாக்குதலுக்கு ஒதுங்க மக்கள் இங்கே இறங்கினார்கள். சோவியத் காலத்தில் அணுகுண்டுப் பதுங்கிடமாக மாற்றினார்கள். கற்சிற்பங்களின் காட்சிக்கூடமும் இதற்குள் உண்டு.

வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் சுரங்கத்துக்குள் வெப்பம் 7 முதல் 10 டிகிரிதான். ஜூலையில் அரைக்கைச் சட்டையோடு இறங்கியவர்கள் பாதியிலேயே ஏறி வந்துவிடுவதுண்டு. ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். தரை ஈரமாக இருக்கும், வழுக்காத காலணி வேண்டும். கோபுரம், சுரங்கம், பக்கத்திலுள்ள கன்னிக் கோபுரம் எல்லாம் ஒரே அருங்காட்சியகத்தின் கீழ் வருவதால் கூட்டுச்சீட்டு வாங்குவதே லாபம். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மூடிய இடங்களில் மூச்சுத்திணறல் உள்ளவர்கள் கோபுரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கோபுரத்தை ஒட்டிய புல்வெளிக்கு டேனிஷ் மன்னர் தோட்டம் என்று பெயர். 1219இல் மன்னர் இரண்டாம் வால்டமார் இங்கே போரிட்டபோது டென்மார்க்கின் கொடி வானத்திலிருந்து விழுந்தது என்பது கதை. அதே கொடிதான் நானூறு ஆண்டுகள் கழித்துத் தரங்கம்பாடிக் கோட்டையில் பறந்தது. தோட்டத்துக்குக் கட்டணமில்லை.

கடல் சார்ந்தவை: இரண்டில் ஒன்று

எஸ்தோனியக் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு இரண்டு இடங்கள் உண்டு. தேர்வில் அதிகம் குழம்புவது இங்கேதான்.

‘பருத்த மார்கரேத்தா’ என்ற உருண்டைக் கோபுரம் பழைய நகரின் வடக்கு வாசலில், துறைமுகத்துக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது, குறுக்களவு 25 மீட்டர். புதுப்பித்து 2019இல் மீண்டும் திறந்தார்கள். நடுநாயகம் 2015இல் காத்ரியோர்க் பக்கம் கட்டடம் கட்டத் தோண்டியபோது கிடைத்த, ஏறக்குறைய 700 ஆண்டுப் பழைமையான மரக்கப்பலின் உடல். ஹன்சா என்ற வட ஐரோப்பிய வணிக நகரக் கூட்டமைப்பின் வணிகர்கள் உப்பையும் துணியையும் தானியத்தையும் சுமந்த வகைக் கப்பல் அது. அடிப்பலகைகள் எப்படி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன என்பதை அருகில் நின்று பார்க்கலாம். ஒன்றரை மணி நேரம் போதும். வெளியே, 1994 செப்டம்பர் 28 அன்று 852 பேரைப் பலிகொண்டு மூழ்கிய ‘எஸ்தோனியா’ பயணக் கப்பலின் நினைவுச்சின்னம் இருக்கிறது. கோபுரத்துக்குள் போகாதவர்களும் அங்கே சற்று நின்றுவிட்டுப் போகலாம்.

லென்னுசதம் அங்கிருந்து கடலோரமாக மேற்கே இருபது, இருபத்தைந்து நிமிட நடை. பேருந்தும் உண்டு. 1916–17இல் ருஷ்யக் கடற்படையின் நீர்விமானங்களுக்காக எழுந்த கொட்டகை இது. தூணே இல்லாத மூன்று கான்கிரீட் குவிமாடங்கள், மேல் ஓட்டின் கனம் சில அங்குலங்கள் மட்டுமே. உலகில் இந்த அளவில் எழுந்த முதல் கான்கிரீட் ஓட்டுக் கூரைகளில் ஒன்று என்பதால் கட்டடப் பொறியாளர்கள் கப்பலை விட்டுக் கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2012 முதல் அருங்காட்சியகம். 1936இல் இங்கிலாந்தில் கட்டி எஸ்தோனியா வாங்கிய ‘லெம்பித்’ நீர்மூழ்கி முழுசாக உள்ளே நிற்கிறது. அதற்குள் இறங்கி, வட்டக் கதவுகளில் குனிந்து நுழைந்து, குண்டு ஏவும் குழாய் வரை போகலாம். வெளியே தண்ணீரில் 1914ஆம் ஆண்டின் ‘சூர் தோல்’ என்ற நீராவிப் பனியுடைப்புக் கப்பல். அதன் கொதிகலன் அறைவரை இறங்கிப் பார்க்கச் சக்தி மிச்சம் இருக்க வேண்டும்.

குழந்தைகள் கூட இருந்தால் யோசிக்கவே வேண்டாம், லென்னுசதம்தான். மூன்று மணி நேரம் ஓடிவிடும். நீர்மூழ்கிக்குள் மட்டும் தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் போகாது. இடைக்கால வணிகம், ஹன்சா, மரக்கப்பல் என்று ஆர்வம் உள்ளவர்களுக்கு மார்கரேத்தா. இரண்டுக்கும் சேர்த்துச் சீட்டு கிடைக்கிறது என்பதற்காக இரண்டையும் ஒரே நாளில் அடைக்காதீர்கள். இரண்டாவது இடத்துக்குள் நுழையும்போது எந்தக் கப்பலைப் பார்த்தாலும் ஒன்றுபோலவே தோன்றும்.

சோவியத் காலத்துக்கு மூன்று வாசல்கள்

வபாமு அருங்காட்சியகம், பகரி தெருச் சிறையறைகள், விரு ஹோட்டலின் கேஜிபி அறை. மூன்றும் ஒரே அரை நூற்றாண்டைப் பேசுகின்றன, ஆனால் தொனி வேறு.

வபாமு தோம்பேயா குன்றின் அடிவாரத்தில், 2003 முதல் இருக்கிறது. 1940இல் தொடங்கிய சோவியத், நாஜி, மறுபடி சோவியத் ஆக்கிரமிப்புகளையும் விடுதலையையும் தனிமனிதர்களின் வாக்குமூலங்கள் வழியாகச் சொல்கிறது. ஒலிவழிகாட்டியைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டபடி நடக்க வேண்டும். அதை வாங்காமல் சுற்றினால் சில பெட்டிகளும் படகும்தான் கண்ணில் படும். வரலாறு தெரியாமல் வருகிறவர்களுக்கு இதுதான் முதலிடம். இரண்டு மணி நேரம்.

பகரி தெரு முதலாம் எண் கட்டடத்தின் அடித்தளத்தில் கேஜிபி கைதிகளை வைத்திருந்த அறைகள் இருக்கின்றன. பார்க்க முக்கால் மணி நேரம் கூட ஆகாது. வபாமுவுக்கும் இதற்கும் ஒரே நிர்வாகம், கூட்டுச்சீட்டு உண்டு. வபாமுவுக்குப் பிறகு வந்தால் மனத்தைப் பிசையும். தனியாக வந்தால் வெற்று அறைகள். சிறுவர்களோடு வேண்டாம்.

1972இல் திறந்த விரு ஹோட்டலின் 23ஆம் மாடியில், வெளிநாட்டு விருந்தினரை ஒட்டுக்கேட்ட சாதனங்கள் அறையில் விட்டுப்போனபடியே கிடக்கின்றன. வழிகாட்டியோடு மட்டும்தான் போக முடியும், குறித்த நேரத்தில், குறித்த மொழியில். ஆங்கிலச் சுற்றுகள் கோடையில் சீக்கிரம் நிரம்பிவிடும். முன்பதிவு செய்யாமல் நேரில் போய்ச் சீட்டுக் கேட்பவர்கள் பெரும்பாலும் திரும்பித்தான் வருகிறார்கள். இங்கே காட்சிப்பொருள் கொஞ்சம்தான், வழிகாட்டியின் கிண்டல் பேச்சுத்தான் விருந்து. மழைநாளுக்கு நல்ல தேர்வு.

ஒன்றே ஒன்று என்றால் வபாமு. ஏற்கெனவே ரீகாவிலோ வில்னியுஸிலோ இதே பொருளில் அருங்காட்சியகம் பார்த்திருந்தால் விரு.

மதிலுக்கு வெளியே காத்ரியோர்க்

1, 3 எண் டிராம்கள் காத்ரியோர்க் பூங்கா வரை போகின்றன. முதலாம் பீட்டர் 1718இல் கட்டத் தொடங்கிய பரோக் அரண்மனையில் மேற்கு ஐரோப்பிய, ருஷ்ய ஓவியங்கள் இருக்கின்றன. பத்து நிமிட நடையில் 2006இல் திறந்த குமு கலை அருங்காட்சியகம், அங்கே 18ஆம் நூற்றாண்டு முதல் இன்றுவரையான எஸ்தோனியக் கலை. அரண்மனை ஓவியங்கள் மோசமில்லை, ஆனால் பாரிசும் வியன்னாவும் பார்த்தவர்களுக்குப் புதிதாக ஒன்றும் இராது. அதன் பெரிய கூடத்தின் சுதை வேலைப்பாடும் பின்புறத் தோட்டமும்தான் சிறப்பு, தோட்டத்துக்குச் சீட்டு தேவையில்லை. குமுவில் இருப்பது வேறெங்கும் கிடைக்காது: எஸ்தோனிய ஓவியர் கொன்ராட் மேகியின் நிலக்காட்சிகள், சோவியத் காலத்தில் அரசு கேட்டு வரைந்தவையும் அரசுக்குத் தெரியாமல் வரைந்தவையும் ஒரே மாடியில். வியாழக்கிழமைகளில் இரவு 8 வரை திறந்திருப்பது குமுவின் நெடுநாள் வழக்கம். நாளை நீட்டிக்க நல்ல வழி.

நகருக்குள் எஞ்சியவற்றில் பிக் தெருவிலுள்ள மகா சங்க மண்டபம், வேனெ தெருவின் நகர அருங்காட்சியகம் இரண்டும் வரலாற்றைச் சொல்கின்றன. முன்னது நாட்டின் வரலாறு, 1410இல் முடிந்த அழகான கூடம். பின்னது நகரின் வரலாறு, வணிகர் வீடு. கூடத்துக்காகவே முன்னதைத் தேர்ந்தெடுக்கலாம். சதுக்கத்தின் மூலையில் 1422இல் முதன்முதலாகக் குறிப்பில் வரும் மருந்துக்கடை இன்றும் கடையாகவே நடக்கிறது; பின்னறைப் பழம்பொருள்களைப் பார்க்கக் காசு கேட்பதில்லை.

அட்டையா, தனிச்சீட்டா

தாலின் அட்டை 24, 48, 72 மணி நேரங்களுக்குக் கிடைக்கிறது. பெரும்பாலான அருங்காட்சியகங்களும் நகரப் போக்குவரத்தும் அதில் அடக்கம். அண்மை ஆண்டுகளில் பெரிய அருங்காட்சியகச் சீட்டு ஒன்று 12 முதல் 20 யூரோ வரை இருந்துவருகிறது, லென்னுசதம் மேல் எல்லையில். 24 மணி அட்டைக்கு ஏறக்குறைய அப்படிப்பட்ட மூன்று சீட்டின் விலை. மூன்று பெரிய இடங்களுக்குள் நுழைந்தால்தான் போட்ட காசு தேறும், நான்காவதிலிருந்துதான் மிச்சம்.

ஒரு நாளில் நான்கு முடியாது என்று மேலே சொன்னோம். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. அட்டையின் நேரம் வாங்கியதிலிருந்து அல்ல, முதலில் பயன்படுத்திய நிமிடத்திலிருந்து ஓடுகிறது. காலை 10 மணிக்குத் தொடங்கினால் மாலை 6 மணிக்கு எல்லாம் மூடிவிடும், மிச்சப் பதினாறு மணி நேரம் வீண். நண்பகல் 1 மணிக்குத் தொடங்குங்கள்: அன்று மாலை இரண்டு இடம், மறுநாள் காலை 10 முதல் 1 மணிக்குள் இன்னும் இரண்டு. ஒரே இரவு தங்கினாலும் நான்கு இடங்கள் தேறிவிடும். கடைசி இடத்துக்குள் 1 மணிக்கு முன் நுழைந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கப்பலில் காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்களுக்கு அட்டை பெரும்பாலும் நஷ்டம். கூட்டுச்சீட்டும் தனிச்சீட்டும் போதும். டிராமுக்கு என்று அட்டை வாங்க வேண்டியதில்லை. வங்கி அட்டையை முன்வாசல் கருவியில் தொட்டால் கட்டணம் பிடித்துக்கொள்ளும். 2013 முதல் இந்த ஊரில் பேருந்தும் டிராமும் இலவசம் என்று கேள்விப்பட்டு ஏறிவிடாதீர்கள். அது நகரில் பதிவுசெய்த குடியிருப்பாளருக்கு மட்டும்.

எந்தப் பருவம், எந்த நாள், எந்த மணி

ஜூன் கடைசியில் சூரியன் இரவு பத்தரைக்குப் பிறகுதான் மறைகிறது. மே முதல் செப்டம்பர் வரை உல்லாசக் கப்பல்கள் வரும் நாள்களில் காலை 10 முதல் மாலை 4 வரை சதுக்கமும் பழைய நகரின் கிழக்கு வாசலான விரு வாசலும் நெரியும். அந்த நேரத்தில் அருங்காட்சியகத்துக்குள் இருங்கள். தெருக்களைக் காலை 9க்கு முன்பும் மாலை 6க்குப் பின்பும் நடங்கள். டிசம்பரில் கணக்கு தலைகீழ். காலை ஒன்பது மணிக்கு மேல் விடிந்து மூன்றரைக்குள் இருட்டிவிடும், எனவே வெளிச்சம் இருக்கும் நேரத்தில் தெரு, இருட்டிய பின் அருங்காட்சியகம். குளிர்காலத்தில் கூரை விளிம்பில் பனிக்கம்பிகள் தொங்கும். நடைபாதையில் தடுப்பு வைத்திருந்தால் சுற்றிப் போங்கள், அழகுக்காக வைத்ததல்ல.

திங்கட்கிழமை பல இடங்களுக்கு விடுமுறை, குளிர்காலத்தில் செவ்வாயும் சேரும். ஒரே நாள் பயணத்தைத் திங்களில் போடுவதுதான் இந்த ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு. மாற்ற முடியாதென்றால் அன்றைய நாளைத் தெருக்களுக்கும் மதிலுக்கும் காட்சி மேடைகளுக்கும் விட்டுவிடலாம். லென்னுசதம் போன்ற பெரிய இடம் அன்று திறந்திருக்கிறதா என்று மட்டும் முதல்நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி சில சேர்க்கைகள். ஹெல்சிங்கியிலிருந்து காலைக் கப்பலில் வந்து ஏழெட்டு மணி நேரம் மட்டும் இருக்கிறவர்கள்: மார்கரேத்தா வாசல் வழியாக நுழைந்து, பிக் தெருவில் முகப்புகளைப் பார்த்தபடி சதுக்கம், நிகுலிஸ்தே, சாப்பாடு, பிறகு சுரங்கம், கடைசியில் கொஹ்துவோட்சா. இரண்டு நாள் இருப்பவர்கள் இதோடு வபாமுவையும், லென்னுசதம் அல்லது குமுவையும் சேர்க்கலாம். வயதானவர்களோடு: நிகுலிஸ்தே, குமு இரண்டிலும் லிஃப்ட் உண்டு, தோம்பேயாவுக்கு டாக்சியில் ஏறி, சரிவில் நடந்து இறங்குவது முழங்காலுக்கு நல்லது. உருளைக்கல் பாவிய தெருவில் சக்கரப் பெட்டி உருளாது. துறைமுக முனையத்தின் பெட்டகத்தில் வைத்துவிட்டுக் கைவீசி வாருங்கள்.

பின்லாந்தும் எஸ்தோனியாவும் ஷெங்கனுக்குள் இருப்பதால் ஒற்றை நுழைவு விசாவோடும் கப்பலில் போய்வரலாம், பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். பயணம் இரண்டு, இரண்டரை மணி நேரம். திரும்பும்போது எந்த முனையத்திலிருந்து கப்பல் என்று சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் முனையம் வேறு. நுழைவாயிலைப் புறப்பாட்டுக்கு இருபது நிமிடம் முன்பே மூடிவிடுகிறார்கள், ஆகவே சதுக்கத்திலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.